கிணற்றின் மேற்குக் கண்

குப்பம்மா கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வெட்டிய துரிஞ்சி மரத்தின் அடிக்கட்டை அது. தரைக்கு மேல் ஒரு சாண் உயரம் இருக்கும். அதைத் தோண்டி எடுக்கத்தான் நான் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆட்கள். குன்றுக்குக் கீழே என் சொந்த லாரி. நான் தாலி கட்டியவள், என் ஆட்கள் பார்க்க, என் லாரியில் ஏற வேண்டிய சரக்கின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு சீத்தாப்பழத்தை எடுத்துப் பிளந்தாள்.

“எந்திரிடி” என்றேன்.

“துன்னுக்கினு கீறேன், கண்ணு தெரியல? துன்னுட்டு எந்திரிக்கிறேன்.”

ஒரு பழம் முடிந்தது. விதைகளைத் துப்பிவிட்டு இரண்டாவதை எடுத்தாள். அது முடிந்ததும் மூன்றாவது. ஆட்களில் எவனோ களுக்கென்று சிரித்துவிட்டான்.

கன்னியப்பன்தான் என் மானத்தைக் காப்பாற்றினான். குப்பம்மாவின் அண்ணன், சின்ன வயதிலிருந்தே என்னோடு விறகு வெட்டுகிறவன்.

“மச்சான், மடியில ஒரு கூடை பழம் கீது. பொழுது சாயற வரைக்கும் துன்னுவா. எங்க வீட்டுப் பொண்ணு, எனக்குத் தெரியாதா? வா, மேக்கால போலாம்.”

போனோம். அன்று நான் தோற்றேன். இந்தத் தொடரில் நான் தோற்ற கதை இதுவரை வரவில்லை என்று கவனித்திருப்பீர்கள். நான் மறைக்கவில்லை. தோற்றது குறைவு, அவ்வளவுதான்.

பெருமை யாருக்கு

போன வாரம் நான் லாரி வாங்கிய கதையைப் படித்துவிட்டு, புத்தூரிலிருந்து ஒரு வாசகர் “பெரியவருக்குத் தற்பெருமை கொஞ்சம் அதிகம்” என்று எழுதியிருக்கிறார். ஐயா, மூணாங்கிளாஸைத் தாண்டாதவனுக்கு மாலை போட யார் வருவார்? நானே தொடுத்து நானே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். குறைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். உறுதி சொல்ல முடியாது.

ஆந்திராவில் பாலசமுத்திரம் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில், எங்கள் சாதி சனத்தில் ஒருவருக்கும் நிலம் கிடையாது. எங்கள் நைனா அடுத்தவர் கழனியில் உழைத்தார். கழனி வேலை இல்லாத நாளில் ஊருக்கு வடக்கே இருந்த ஊசிக்கல் குன்றில் விறகு வெட்டினார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தலைச்சுமை, பிறகு சைக்கிள், பிறகு மாட்டு வண்டி, பிறகு லாரி. ஊரில் என் பெயர் கோவிந்தன் என்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் கட்டை கோயிந்தன்.

ஏன் அந்தப் பெயர் என்று சொல்கிறேன்.

வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதிய காலம் அது. எனக்குத் தெரிந்தது திருப்பதி. திடீரென்று எங்கு பார்த்தாலும் புது லாட்ஜ், புது மெஸ், புது கல்யாண மண்டபம். சாமி பார்க்க வரும் கூட்டம் வாரத்துக்கு வாரம் பெருகியது. அத்தனை பேருக்கும் சோறு வேக வேண்டும். சமையல்காரர்களோடு பேசிப் பேசி நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். கிளை விறகு குப்பென்று பிடித்து, சட்டென்று அடங்கிவிடும். வேரோடு வந்த அடிக்கட்டை அப்படியல்ல. விடிந்ததும் அடுப்பில் வைத்தால், மதியப் பந்தி முடியும்வரை சிவந்தபடி நின்று எரியும்.

அதற்கு முன் எங்கள் பக்கத்தில் யாரும் கட்டையைத் தோண்டியதில்லை. மரத்தை ஒரு சாண் விட்டுச் சாய்வாக வெட்டுவோம். சாய்வாக வெட்டினால் மழைத் தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும், கட்டை அழுகாது. அடுத்த மழைக்குச் சுற்றிலும் துளிர் கிளம்பும். அந்தப் பக்கம் சில வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டோம். யாரும் உட்கார்ந்து போட்ட சட்டமில்லை. கோடாலி பிடிக்கக் கற்றுக்கொள்ளும்போதே கையோடு வந்துவிடும் பழக்கம்.

அந்தச் சாண் கட்டையையும் காசாக்கலாம் என்று இந்த வட்டாரத்தில் முதலில் கண்டுபிடித்தவன் நான். இதைப் பெருமையாகத்தான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரேணிகுண்டாவில் இறங்கும் கூடை

குப்பம்மாவுக்குத் தனி வியாபாரம் இருந்தது. ஊசிக்கல் குன்றில் சீத்தா மரங்கள் தானாக முளைத்துக் கிடந்தன. தோலின் கண் விரிந்து முற்றிய காயாகப் பார்த்துப் பறிப்பாள். கூடையில் இலை பரப்பி அடுக்குவாள். பஸ் பிடித்துப் புத்தூர், அங்கிருந்து ரயில் ஏறி ரேணிகுண்டா. அந்த ஜங்ஷனில் வண்டிகள் நின்று நிதானமாகப் புறப்படும். ஜன்னல் ஜன்னலாகப் போய் விற்றுவிட்டு வருவாள்.

தமிழும் தெலுங்கும் தவிர எந்தப் பாஷையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் பம்பாய் ரயிலில் வருகிறவர்களிடம் அவள் பேரம் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். பழத்தைப் பிளந்து ஜன்னலில் நீட்டுவாள். பேச்சு முடிந்தது. நான்கூட ஒரு சரக்கை அவ்வளவு சுலபமாக விற்றதில்லை.

கட்டை தோண்டுவதில் எங்களுக்குச் சண்டை வந்தது இதனால்தான். துரிஞ்சியின் வேரும் சீத்தாவின் வேரும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டிருக்கும். கட்டையை நெம்பினால் சீத்தாவும் சாயும்.

“உன் கட்டைக்கு என் பழம் போவுது” என்றாள் வீட்டுக்கு வந்ததும். “கெழக்கால பக்கம் நீ வராத. மேக்கால நீ இன்னா வேணா பண்ணிக்கோ.”

“குன்று உங்க அப்பன் வூட்டுதா?”

“உங்க அப்பன் வூட்டுதுமில்ல. ரெண்டு பேரும் இல்லாதவங்கதான். அதனாலதான் பாதி கேக்கறேன். இல்லாங்காட்டி முழுசா கேட்டிருப்பேன்.”

இப்படித்தான் ஊசிக்கல் குன்றுக்கு எங்கள் வீட்டில் பாகம் பிரிந்தது. கிழக்குச் சரிவு அவளுக்கு, மேற்குச் சரிவு எனக்கு. நான் என் பாகத்தை இரண்டே கோடையில் முடித்தேன். அவ்வளவு சுறுசுறுப்பு. கடைசியில் அந்தப் பக்கம் நின்றால், ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்துப் படுக்கக்கூடிய பள்ளங்கள்தான் வரிசையாகத் தெரியும். காட்டு ஆபீஸ் ஆள் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, மேற்குச் சரிவை அண்ணாந்து பார்த்து, “ஏமய்யா கோயிந்தா, கொண்டக்கே குண்டு கொட்டேசினாவா?” என்றார். திருமலையில் பக்தர்களுக்கு அடிப்பதுபோல் குன்றுக்கே மொட்டை அடித்துவிட்டாயே என்கிறார். நானும் சேர்ந்து சிரித்தேன். மொட்டை என்றால் முடி வளரும். நான் எடுத்தது முடியை அல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு ஏக்கர்

சம்பாதித்ததில் நிலம் வாங்கினேன். குன்றின் அடிவாரத்தில், தெற்கே, இரண்டு ஏக்கர். பட்டா புத்தகத்தில் என் பெயரை ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்கள். எங்கள் நைனா உயிரோடு இருந்தார். வரப்பில் உட்கார்ந்து மண்ணை ஒரு பிடி அள்ளி வேட்டியில் முடிந்துகொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வம்சத்தில் முதல் மண்.

அதில் ஒரு கல் கட்டிய கிணறு. விற்றவர் என்னை உள்ளே இறக்கிக் காட்டினார். “ரெண்டு ஊத்துக் கண்ணு. கெழக்கால ஒண்ணு, மேக்கால ஒண்ணு. மேக்கால கண்ணுதான் பெருசு. இது வத்தி நான் பாத்ததில்ல.” கை வைத்துப் பார்த்தேன். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது.

அப்போது சித்தூர் பக்கமெல்லாம் மாங்கூழ் ஃபாக்டரிகள் வந்துகொண்டிருந்தன. பெங்களூரா என்கிற கூழ் ரக மாங்கன்று நட்டேன். மூன்று வருஷம் தண்ணீர் காட்டிவிட்டால், பிறகு பேரன் காலம்வரை கவலையில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அந்த வருஷ மழையில் குன்று என் நிலத்துக்கு இறங்கி வந்தது. ஆமாம், அப்படித்தான் சொல்ல வேண்டும். மேற்குச் சரிவில் விழுந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் செம்மண்ணையும் கல்லையும் உருட்டிக்கொண்டு வந்து, முழங்கால் உயரக் கன்றுகளின் மேல் கொட்டியது. அள்ளிப் போட்டோம். அடுத்த கோடையில் மேற்குக் கண் மூடிக்கொண்டது. சொட்டுகூட இல்லை. கிழக்குக் கண் நூலாக வந்தது. போர் போட்டேன், புகை மாதிரி வெள்ளைத் தூசிதான் வந்தது. இடம் மாற்றி இன்னொன்று போட்டேன். அதிலும் தூசி.

கன்றுகள் தலை தொங்கின. முதல் மண், முதல் பட்டா, முதல் தோட்டம். எல்லாம் என் கண் முன்னால் சருகாகிக்கொண்டிருந்தன. நைனா தினமும் வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

குப்பம்மா குடத்தை எடுத்தாள். கிழக்குச் சரிவில் பாறைக்கு அடியில் ஒரு சுனை இருந்தது. அதிலிருந்து மொண்டு வந்து, ஒரு கன்றுக்கு ஒரு சொம்பு என்று ஊற்றினாள். ரேணிகுண்டா போகாத நாளெல்லாம் இதே வேலை. மூன்றாம் நாள் நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாகம் பிரிந்த பிறகு அவள் பக்கத்தில் நான் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான்.

ஒரே மழை

பாதி வழியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. சுனைக்குப் பக்கத்துப் பாறையின் கீழ் ஒண்டினோம். அங்கிருந்து பார்த்தால் இரண்டு சரிவும் தெரியும்.

மேற்கே, மழை தொட்ட மறு நிமிஷம் சிவப்பாக ஓடியது. என் பள்ளங்கள் சிலதை நிரப்பி, மிச்சத்தை இழுத்துக்கொண்டு சத்தமாக ஓடியது. கிழக்கே ஓட்டமே இல்லை. மழை பெய்கிறது, தண்ணீரைக் காணவில்லை. எங்கே போகிறது என்று சருகை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். நனைந்த கோணிப்பைக்குள் கை விட்டதுபோல் இருந்தது. சருகு, மக்கிய சருகு, கரையான் மண், மயிர் மாதிரி வேர், அதற்குக் கீழே சில்லென்ற மண். அத்தனையும் குடித்துக்கொண்டிருந்தன.

நாங்கள் வெட்டி விட்டுப்போன ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் துளிர் எழுந்து குப்பம்மாவின் உயரத்தைத் தாண்டியிருந்தது. அன்று அவள் உட்கார்ந்த கட்டையும் அங்கேதான் இருந்தது. இனி அதன் மேல் உட்கார முடியாது. உள்ளே புகவே இடமில்லை. அப்படி ஒரு புதர்.

மழை நின்று, மேற்கே எல்லாம் ஓடி முடிந்து வெறிச்சென்று ஆன பிறகுதான் சுனையில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கண்ணாடி மாதிரி.

“இன்னா பாத்துக்கினே கீற? மொண்டுக்கோ” என்றாள்.

படித்தவர்கள் காட்டைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். காற்று என்கிறார்கள், பருவமழை என்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும். நான் படித்த பாடம் ஒரு பாறையின் கீழ் ஒண்டியிருந்த நேரம் மட்டும்தான். ஒரே குன்று, ஒரே மழை. மேலே நின்ற மரத்தை வைத்து நான் காட்டைக் கணித்திருந்தேன். பாதிக் காடு தரைக்குக் கீழே இருந்தது. என் கிணற்றின் மேற்குக் கண்ணை மூடியது வெயில் அல்ல, என் கடப்பாரை.

இன்னொன்றும் பின்னால் தெரிந்தது. மாமரம் பூத்தால் மட்டும் போதாது, ஈயும் தேனீயும் வர வேண்டும். புழுவைப் பொறுக்கக் குருவி வர வேண்டும். அவற்றின் வீடு என் இரண்டு ஏக்கரில் இல்லை. குன்றில் இருக்கிறது. என் தோட்டத்தில் கூலி கேட்காமல் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் குப்பம்மாவின் பாகத்திலிருந்துதான் வருகிறார்கள்.

கன்னியப்பன் கேட்டது

மறுநாள் ஆட்களைக் கூப்பிட்டேன். இனி ஊசிக்கல் குன்றில் கட்டை தோண்ட வேண்டாம், மரமும் வேண்டாம், கொஞ்ச காலம் விட்டுவிடுவோம் என்றேன். கன்னியப்பன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

“நெலம் வந்ததும் உனக்குக் காடு வேணும். நெலம் இல்லாத நாங்க இன்னாத்த துன்றது மச்சான்? மண்ணையா? அதுவும் இப்ப உன்னுது.”

எத்தனையோ பேரை வாயால் மடக்கியவன் நான். காட்டு ஆபீஸில், செக்போஸ்ட்டில், திருப்பதி ஓட்டல் முதலாளிகளிடம். அன்று தலையாட்டினேன். அவன் சொன்னது நியாயம். அவனோடு நானும் வெட்டினேன். நிலம் எனக்கு மட்டும்தான் வந்தது.

குப்பம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“அண்ணா, ரேணிகுண்டாவுக்கு என் கூடை ஒண்ணுதான் போவுது. ரயிலு எம்மாம் நீளம்னு நீ பாத்துக்கீறயா? பத்துக் கூடை போனாலும் பத்தாது. அண்ணிய அனுப்பு. எல்லார் வூட்டுப் பொம்பளைங்களையும் அனுப்பு. கெழக்கால பழம் கீது, தொடப்பத்துக்கு ஈச்சம் கீது, களாக்கா கீது. கட்டைய ஒரு தபாதான் விக்கலாம். பழத்த வருஷா வருஷம் விக்கலாம்.”

“ஆம்பளைங்க நாங்க?” என்றான் கன்னியப்பன்.

“நீங்க கூடை தூக்குங்க. தலையில கட்டைய தூக்கினவங்கதானே, பழம் கனக்குமா?”

சிரித்துவிட்டான். ஆனாலும் விடவில்லை. என் பக்கம் திரும்பி, “சரி. ஆனா அந்த மேக்கால பள்ளமெல்லாம் நீ தோண்ட வெச்சது. அதுக்கு நீதான் வழி சொல்லணும்” என்றான்.

கிழக்குச் சரிவு என்ற தன் பாகத்தை அவள் பத்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தாள். நான் லாரியைக் கொடுத்தேன். விறகு ஏறிய லாரியில் பழக்கூடை ஏறியது. விறகுத்தூள் வாசனை போய், கனிந்த சீத்தா வாசனை பிடித்துக்கொள்ள ஒரு மழைக்காலம் ஆனது.

பள்ளங்களுக்கு வழி, உண்மையைச் சொன்னால், அழுகல் பழத்திலிருந்து வந்தது. விற்காமல் நசுங்கித் திரும்பிய பழங்களை எங்கே கொட்டுவது என்று பெண்கள் கேட்க, “அதோ, அவரு தோண்டி வெச்சிக்கீறாரே” என்று குப்பம்மா கை காட்டினாள். கொட்டினார்கள். மழையில் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நின்றது, வண்டல் தங்கியது, சருகு சேர்ந்தது, ஆட்டுப் புழுக்கை உருண்டு விழுந்தது. இரண்டாம் மழைக்குப் பிறகு கன்னியப்பன் மேலிருந்து கத்தினான்: “மச்சான், உன் பள்ளத்துல பசங்க மொளைச்சிக்கீறாங்க!” பள்ளத்துக்குப் பள்ளம் சீத்தா நாற்று. அதன் பிறகு நாங்களே புளியங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் போட ஆரம்பித்தோம். இதை முதலில் யோசித்தவன் நான் என்று சொல்ல ஆசைதான்.

எல்லாம் எங்கள் சாமர்த்தியம் என்றும் சொல்ல மாட்டேன். அதே வருஷங்களில் ஓட்டல்களுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. விறகு கேட்பவர் குறைந்தார்கள். ஊர் ஆட்கள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கும் பெங்களூர் கட்டடங்களுக்கும் போனார்கள். என் மகனே ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டான். வீடுகளில் ஆள் குறைந்தது எங்களுக்குக் கஷ்டம். குன்றுக்கு அது மூச்சு விட நேரம். இரண்டும் உண்மை. பிறகு அரசாங்கம் காட்டுக் கமிட்டி போட்டபோது என்னைத் தலைவர் ஆக்கினார்கள். மொட்டை என்று சிரித்த அதே காட்டு ஆபீஸ் ஆள்தான் மாலையை நீட்டினார். வாங்கிப் போட்டுக்கொண்டேன். விடுவேனா?

குளவி

மேற்குச் சரிவு இன்றும் கிழக்கு மாதிரி இல்லை. தோண்டிய துரிஞ்சி திரும்பவில்லை. அங்கே இருப்பது சீத்தா, புளி, வேம்பு, ஆவாரை, விராலி. ஒரு புதுக் காடு, கொஞ்சம் ஒல்லியாக. மாமரங்கள் பிழைத்துக் காய்க்கின்றன. குடத்துத் தண்ணீரிலும் கிழக்குக் கண்ணிலும் வளர்ந்த மரங்கள். மேற்குக் கண்ணை நான் மறந்தே விட்டேன். செத்ததைத் தினமும் எட்டிப் பார்க்க முடியுமா?

சென்ற கோடையில் ஒரு காலை, தூர் பார்க்கக் கிணற்றுக்குள் இறங்கினேன். இந்த வயதில் ஏன் இறங்கினாய் என்று கேட்காதீர்கள். என்னைவிட நன்றாக இறங்குகிற ஆள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. மேற்குச் சுவர் கறுத்திருந்தது. நிழல் என்று நினைத்தேன். பாறை இடுக்கில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. கையை வைத்தேன்.

ஈரம்.

கையை எடுக்காமல் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, மணிக்கட்டு வழியாக ஒரு சொட்டு முழங்கைவரை வந்து விழுந்தது. நைனா இல்லை. அவர் வேட்டியில் முடிந்த மண்ணை அவரோடுதான் புதைத்தோம். அங்கேயே படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். கிணற்றுக்குள் என்பதால் யாருக்கும் தெரியாது.

மேலே வந்து மூச்சிரைக்கக் கத்தினேன். “குப்பு! மேக்கால கண்ணு தெறந்துக்கிச்சுடி!”

மாமரத்தடியில் கூடை பின்னிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“தெரியும்.”

“எப்படித் தெரியும்? நீதான் கெணத்துல எறங்கவே இல்லியே?”

“நாலு நாளா ஒரு குளவி வந்துக்கினு போவுது. அந்தச் செவுத்துல ஒக்காந்து ஈர மண்ணு எடுத்துக்கினு, நம்ம வூட்டு உத்தரத்துல கூடு கட்டுது. வேற எங்க கீது அதுக்கு ஈரம், இந்த வெயில்ல?”

“தெரிஞ்சி ஏன் சொல்லல?”

“நீ எறங்கிப் பாத்துட்டு, நாந்தான் மொதல்ல பாத்தேன்னு சொல்லிக்கினு வருவ இல்ல? அந்த சந்தோசத்த ஏன் கெடுக்கணும்? உன் புஸ்தகத்துலயும் அப்படியே எழுதிக்கோ.”

வீட்டுக்கு வந்து உத்தரத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் அளவில் ஒரு மண் கூடு. பாதி காய்ந்திருந்தது, பாதி இன்னும் ஈரமாக இருந்தது. மேற்குச் சரிவின் தண்ணீர், என் வீட்டுக்குள்.

எழுதிவிடுகிறேன், புத்தூர் வாசகரும் படிக்கட்டும். முதலில் பார்த்தது குளவி. அடுத்தது குப்பம்மா. மூன்றாவது நான்.